நாற்பத்தொன்றாம் நேர்காணல்

ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்துக்கு ஒரு டாலர்.
கேட்டதைக் கேட்டபடியே தட்டச்சிட வேண்டும்.
இருமல் அடைப்புக்குறிக்குள். சிரிப்பும் அப்படியே.
மூன்று விநாடிக்கு மேல் நீளும் மௌனத்துக்குக்
கணக்கு எழுத வேண்டும்.
பெயரை மாற்று, முகவரியை நீக்கு:
பேராசிரியர் காச்மரெக்கின் விதிகள் இவ்வளவுதான்.

டொலீடோவில் பிப்ரவரி.
வெளியே உப்புத் தூவிக்கொண்டு போகிறது லாரி.
என் காதுக்குள் டெல்ஃபினின் சமையலறை
(டெல்ஃபின், நான் வைத்த பெயர்),
குழாய் சொட்டுகிறது,
ஃப்ரிட்ஜ் கனைத்து அடங்குகிறது.

"ரோட்டு நடுவில் மஞ்சள் கோடு போட்டிருக்கே,
அதுதான் எல்லை.
அந்தப் பக்கம் வீட்டுக்கு விலை அதிகம்,
வரியும் அதிகம்,
அதனால் பள்ளியில் வயலின் இருக்கு, தினமும் நர்ஸ் இருக்கு.
இந்தப் பக்கம் செவ்வாயும் வியாழனும்தான் நர்ஸ்.
என் பையனின் ஆஸ்துமாவுக்குக் கிழமை தெரியாது."

ஒன்றுவிட்ட அக்கா அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தாள்.
அவள் வீட்டுக் கரண்ட் பில்லை
டெல்ஃபின் தன் பெயருக்கு மாற்றினாள்.
பள்ளி அலுவலகத்துக்கு அதுவே ஜாதகம்.
தினமும் காலையில், கார் சூடாகும் வரை,
பின்சீட்டில் ஓமரி ஒப்பிப்பான்:
நான்கு இலக்கம், ஒரு மரத்தின் பெயர்.
ஆறு வயது.
தன் சொந்தக் கதவு எண் அவனுக்குத் தெரியாது;
தெரியாமலிருப்பதே நல்லது என்று நினைத்தாளாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்
கடைக்கூட்டத்தில் அவன் கை நழுவியது.
காவலர் குனிந்து கேட்டார், வீடு எங்கே?
தொலைந்தவன்
பாடம் பிசகாமல் சொன்னான்.

அக்காவுக்கு அன்று இரவு வேலை.
பூட்டிய கதவின் முன்னால்
பனியில் ஒன்றரை மணி நேரம், போலீஸ் காரில் பையன்.
இங்கே இவள்
துணி ஸ்டாண்டுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டாங்க,
பையனையும், என்னையும்."

ஜனவரியில் கடிதம். இரண்டு வருடக் கல்விக் கட்டணம்,
வட்டி தனி.
தொகையை வாசிக்கிறாள். மறுபடி வாசிக்கிறாள்.
சில்லறையைக்கூட விடாமல்.

பிறகு கேட்கிறாள்:
"உங்க பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம், புரொபசர்?"

மூன்று முறை பின்னோட்டிக் கேட்டேன்.
குழாய் ஆறு தடவை சொட்டியது.
பதினொரு விநாடி.

"அந்தப் பக்கம்."

"தெரியும். கார் கண்ணாடியில் ஸ்டிக்கர் பார்த்தேன்.
காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டுமா?"

பிரதியைத் திருத்த வந்த பேராசிரியர்
அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம்.
ஆனால் அது யாருடைய மௌனம் என்று எழுது.

அறிக்கையில் அறுபத்து மூன்று குடும்பங்கள்.
அட்டவணை ஒன்பதில் டெல்ஃபின் ஒரு சதவீதத்தின் பகுதி,
தலைப்பு: முகவரி சார்ந்த உத்திகள்.
பரிந்துரைகள் ஏழு;
நான்காவது, எல்லாப் பள்ளிக்கும் முழுநேர நர்ஸ்.
மாநிலக் குழு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டது.
பதினொரு விநாடிக்கு அட்டவணை எதிலும் கட்டமில்லை.
எனக்கு மட்டும் கணக்குண்டு: பதினெட்டு சென்ட்.

இரண்டாம் சுற்று நேர்காணல் அக்டோபரில்.
அதே குழாய்.
ஓமரி மைக்கின் அருகில் வந்துவிட்டான்,
மூச்சுக்காற்று காதை உரசுகிறது.
இது என்ன? பேசினால் பதியுமா?
எது வேண்டுமானாலும் பேசு, என்கிறார் பேராசிரியர்.

தொண்டையைச் செருமிக்கொள்கிறான். (இருமல்.)
பிறகு, காரில் சொல்வதுபோலவே, ஒரே மூச்சில்,
(முகவரி நீக்கப்பட்டது.)